வேலியில்லாத மாப்பிள்ளை வீடு

எனக்குப் பயம் புதிதல்ல. கேஸ் சிலிண்டரைத் திருகி மூடிவிட்டுப் படுத்தாலும், எழுந்துபோய் இன்னொரு தடவை திருகிப் பார்த்தால்தான் கண் மூடும். மேட்டுப்பாளையம் ரோட்டைக் கடப்பதற்கு இன்னொரு ஆள் வந்து சேரட்டும் என்று காத்து நிற்பேன். துடியலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் பயத்தினால்தான். கணக்கு வாத்தியார் கையில் எப்போதும் பிரம்பு இருக்கும். அப்படிப்பட்ட நான் ஆப்பிரிக்காவில் சிங்கமும் யானையும் திரிகிற காட்டில் போய்த் தங்கிவிட்டு வந்தேன். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனேன்.

என் மகள் கோகிலாவுக்கு வந்த வரன் சரவணன். கோபிசெட்டிபாளையத்துப் பையன், பாலிடெக்னிக் படித்தவர். ஜிம்பாப்வே நாட்டில் மழை பொய்த்த வருஷம், காட்டு விலங்குகளுக்காகத் தோண்டின குழாய்க்கிணறுகளில் பம்ப்செட் மாட்டப் போனவர், அந்தத் தேசியப் பூங்காவிலேயே வேலைக்கு நின்றுவிட்டார். லீவில் வந்து பெண் பார்த்தார். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

எங்கள் பக்கம் பெண் கொடுக்கும் முன் பையன் வீட்டைப் போய்ப் பார்ப்பது வழக்கம். கோபியில் அவர்கள் வீட்டைப் பார்த்தாயிற்று. வாழைத்தோப்பு நடுவே நல்ல வீடு. ஆனால் கோகிலா குடியிருக்கப்போவது அங்கே இல்லையே. "என் பொண்ணு எந்த ஊட்டுல வாழப்போறாளோ அந்த ஊட்டப் பாக்காம வாக்குக் குடுக்கமாட்டனுங்க" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு தூரம் யார் போகப்போகிறார்கள், பேச்சு இதோடு நின்றுவிடும் என்று ஒரு தைரியம். அந்தப் பையனோ போனில் கூப்பிட்டு, "அதுதானுங்க மாமா சரி. வந்து பாத்துட்டே சொல்லுங்க" என்றுவிட்டார்.

கிளம்புகிற அன்றைக்குக் கோகிலா வாசல்வரை வந்தாள். "அப்பா, நீங்க வேண்டாம்னா நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். ஆனா ஒண்ணு. பயந்துட்டே பாக்காதீங்க. பாத்துப்போட்டு அப்பறம் பயப்படுங்க."

என் மனைவி சரசு மாரியம்மன் கோயிலில் வைத்துக் கும்பிட்ட எலுமிச்சம்பழங்களை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள். "ஒண்ணு எப்பவும் இடுப்புல இருக்கோணும். கீழ வெக்காதீங்க" என்றாள். ஒருவேளை பேச்சு முடிந்தால் தட்டில் வைக்க மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பாக்கு எல்லாம் வைத்தாள். துணைக்கு அவளுடைய தம்பி பழனிச்சாமி வந்தான். பெருந்துறையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். தாய்மாமன் பார்க்காமல் எந்த இடமும் முடிவாகாது. அதோடு அவனுக்கு இங்கிலீஷ் வரும், அல்லது வரும் என்று சொல்லிக்கொள்வான்.

விமானத்தில் எனக்கு நடந்ததை எழுதப்போவதில்லை. இறங்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் தன் கையைத் தடவிக்கொண்டிருந்தார்; அவ்வளவு நேரமும் நான் பிடித்திருந்தது நாற்காலியின் கை அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

புலவாயோ என்ற ஊரில் சரவணன் அனுப்பிய ஜீப் காத்திருந்தது. டிரைவர் பெயர் சிபோ. நல்ல உயரம், மெதுவான பேச்சு. கடைத்தெருவில் நிறுத்தச் சொல்லி ஆரஞ்சும் வாழைப்பழமும் வாங்கினேன். மாப்பிள்ளை வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. தட்டில் பழம் இல்லாமல் பேச்சை ஆரம்பிக்கவும் முடியாது. வண்டியை எடுக்கும் முன் முன்சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தேன். சிபோ குனிந்து பார்த்தான்.

"கீழே விழுந்துவிட்டதா ஐயா?" என்றான்.

பழனிச்சாமி அவனுக்கு ஏதோ இங்கிலீஷில் விளக்கினான். சிபோ தலையாட்டிவிட்டு எலுமிச்சம்பழத்தின்மேல் பயபக்தியோடு ஏற்றினான். ஒரு மணி நேரம் போவதற்குள் அதே சக்கரம் பஞ்சர்.

ரோடு கயிறு பிடித்தாற்போல நேர். இரண்டு பக்கமும் மொப்பானி என்று சொல்கிற மரங்கள், இலை வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி. ஆள் இல்லை, டீக்கடை இல்லை, பெட்டிக்கடைகூட இல்லை. நம் ஊரில் பஞ்சரானால் யோசனை சொல்லவே பத்து பேர் கூடிவிடுவார்கள். இங்கே சிபோ ஜாக்கி போட்டான். என்னைக் காட்டைப் பார்த்து நிற்கச் சொன்னான்.

"எதைப் பார்க்கவேண்டும்?" என்று பழனிச்சாமியைக் கேட்கச் சொன்னேன்.

"எது அசைந்தாலும் சொல்லுங்கள்" என்றான்.

அந்தக் காட்டில் எல்லாமே அசைந்தன. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பழனிச்சாமி, "மச்சான், நீங்க சொல்றதுக்கெல்லாம் அவன் எந்திரிச்சுப் பாத்தா, நாளைக்குத்தான் டயர் மாட்டுவான். இலைய உடுங்க. கால் இருந்தாச் சொல்லுங்க" என்றான்.

வழியில் ஒரு கிராமத்தில் சாப்பாடு. 'சட்ஸா' என்று வெள்ளையாக உருண்டை வைத்தார்கள். பிட்டு வாயில் போட்டால் நம் களியேதான், ராகிக்குப் பதில் மக்காச்சோளம். தொட்டுக்கொள்ள மொறுமொறுவென்று ஏதோ வறுத்து வைத்திருந்தார்கள். பழனிச்சாமி இரண்டு கை அள்ளித் தின்றுவிட்டு, "நம்மூட்டு உப்புக்கண்டமாட்ட இருக்குதுங்க" என்றான். மொப்பானி மரத்துப் புழு என்று சிபோ சொன்னதும் என் கை நின்றுவிட்டது. அவன் கை நிற்கவில்லை.

பூங்காவின் வாசலில் காவலர் பைகளைப் பார்த்தார். ஆரஞ்சையும் வாழையையும் எடுத்து வெளியே வைத்துவிட்டார். "பழம் உள்ளே போகக்கூடாது. யானைக்கு மூக்கு மைல் கணக்கில். பழத்துக்காகக் கார்க் கதவைப் பிய்த்திருக்கிறது. வேறு பழம் இருக்கிறதா?" என்றார்.

"இல்லை" என்றேன். மனதறிந்துதான் சொன்னேன், பொய் சொல்வதாக நினைக்கவே இல்லை. மஞ்சள் துணி முடிச்சு என் கணக்கில் பழமே இல்லை. கயிறு, திருநீறு, தாயத்து மாதிரி அது அம்மன் கொடுத்தது. சாப்பிடுகிற சாமான் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாது. அந்த நேரத்தில் என் கவலையெல்லாம் தட்டைப் பற்றித்தான். வாசலிலேயே பழம் போய்விட்டது, சகுனம் சரியில்லை என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

சரவணன் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். லீவில் வந்தபோது பார்த்ததைவிடக் கருத்து, மெலிந்து. "வாங்க மாமா, வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியங்களா?"

நான் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகரக்கூரை போட்ட இரண்டு அறை. முன்னால் மண்தரை, அப்புறம் ஒரு பெரிய குட்டை, அதன் கரையில் பம்ப் ஷெட். அவ்வளவுதான். சுவர் இல்லை. கம்பிவேலி இல்லை. முள்கூட வெட்டிப் போட்டிருக்கவில்லை. குட்டைக்கு அந்தப் பக்கம் வரிக்குதிரைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"ஏனுங்க தம்பி, காம்பவுண்டு எங்கீங்க?"

"இல்லீங்க மாமா. வேலி போட்டா ஆனை வேணும்னே வந்து சாய்க்குமுங்க. ஒண்ணுமில்லாம இருந்தா பேசாம அக்கட்டால போயிரும்."

குளியலறை வீட்டைவிட்டு முப்பது அடி தள்ளி இருந்தது. கோகிலா ஈரத்தலையோடு அந்த முப்பது அடியை நடந்து வருவதை நினைத்துப் பார்த்தேன். அங்கேயே முடிவு செய்துவிட்டேன், இந்த இடம் வேண்டாம்.

எங்களுக்கு வீட்டை ஒட்டிக் கூடாரம் அடித்திருந்தார். சாப்பாட்டுக்கு அவரே புளி கரைத்து ரசம் வைத்து, களி கிண்டியிருந்தார். நன்றாக இருந்தது. வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு ஒருத்தர் சமையலைச் சாப்பிடுவது சங்கடமான காரியம். பொழுது சாயும்போது தூரத்தில் ஒரு சத்தம் எழுந்தது. வெறும் தொட்டிக்குள் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி.

"என்னங்க தம்பி அது?"

"சிங்கமுங்க. நெம்பத் தொலவுலங்க மாமா."

கூடாரத்துக்குள் போனதும் பழனிச்சாமியிடம் சொல்லிவிட்டேன். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பையன் தங்கமான பையன் மச்சான். நீங்க சிங்கத்தையா மருமகனாக்கப் போறீங்க?" என்றான். எப்போதுமே அவனுக்குப் படுத்தவுடன் தூக்கம். நான் இடுப்பு முடிச்சைப் பிடித்தபடியே கிடந்தேன்.

மறுநாள் காலை ஒரு விஷயம் கவனித்தேன். சரவணன் கதவைத் திறந்தால் உடனே இறங்குவதில்லை. நிலைப்படியில் நின்று, இடுப்பில் தொங்கும் சின்னத் துணிப்பையை உதறுவார். அதிலிருந்து சாம்பல் பறக்கும். அது பறக்கிற திசையைப் பார்ப்பார், காதுகொடுப்பார், பிறகுதான் கால் வைப்பார். பம்ப் ஷெட்டுக்குப் போனாலும் சரி, பல் விளக்கப் போனாலும் சரி. அன்னிய தேசத்தில் இருந்தும் திருநீற்றை விடவில்லையே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. பக்கத்தில் போய் விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

"மாமா, அது அடுப்புச் சாம்பலுங்க. காத்து எக்கட்டால அடிக்குதுன்னு பாக்கறதுக்கு" என்றார், சிரிக்காமல். அவருக்கும் சேர்த்துப் பழனிச்சாமி சிரித்தான்.

ஜீப்பில் கூட்டிப்போய்க் காட்டினார். ஒட்டகச்சிவிங்கி மரத்துக்கு மேலே தலையை நீட்டி, கடன்காரனைப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்தது. எருமைக் கூட்டம் ஒன்று வழியை மறித்து நின்றது. நம் எருமை சாது. இது அப்படியில்லை என்று அதன் முகத்திலேயே எழுதியிருந்தது. ஒரு வளைவில் யானைகள். ஆனைகட்டிப் பக்கம் வாழைத்தோட்டத்துக்குள் வந்த யானையைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கோயில் யானைக்குக் காசு கொடுத்திருக்கிறேன். அதெல்லாம் இதற்குக் கன்றுக்குட்டிதான். காது ஒவ்வொன்றும் கல்யாண வீட்டு ஜமக்காளம் அகலம். "பிள்ளையாரப்பா" என்றேன். சரவணன் விரலை உதட்டில் வைத்தார். அவர் நெற்றியில் வேர்த்திருந்ததைப் பார்த்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். பெருந்துறைச் சித்திரை வெயில் தோற்றுவிடும் அந்த ஊரில்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடாரத்தில் சாய்ந்தேன். பழனிச்சாமி வீட்டுக்குள்ளே விசிறிக்கு அடியில் படுத்துவிட்டான். எப்போது கண் அசந்தேன் என்று தெரியாது. விழித்தபோது கூடாரத் துணி இருட்டாக இருந்தது. மேகம் என்று நினைத்தேன். அந்த மேகம் மூச்சு விட்டது.

கூடாரத்தின் அடித்துணி தூக்கிக்கொண்டது. உள்ளே வந்தது தும்பிக்கை. நுனியில் இரண்டு விரல் மாதிரி ஈரமாக ஏதோ திறந்து மூடியது. தரையைத் தடவி, என் செருப்பைத் தொட்டு, வேண்டாம் என்று விட்டு, நேராக என் பைக்குப் போனது. கத்த வாயைத் திறந்தேன்.

"மாமா." சரவணனின் குரல், வெளியே எங்கோ, மிகவும் தணிவாக. "அசையாதீங்க. கத்தாதீங்க. நான் இங்கதான் நிக்கறனுங்க. பையில பழம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க தம்பி" என்றேன். அப்போதும் அதுதான் வாயில் வந்தது.

பை கிழிகிற சத்தம் கேட்டது. மஞ்சள் துணி தும்பிக்கையோடு எழுந்தது. துணியை உதறிப் போட்டுவிட்டு, உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு தும்பிக்கை வெளியே போயிற்று. கூடாரத்துக்கு அந்தப்பக்கம் மெல்லுகிற ஓசை. எலுமிச்சை வாசம் கூடாரம் முழுக்க. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்த அதே நொடியில் இடுப்பு முடிச்சும் ஞாபகம் வந்தது.

"தம்பி... எலுமிச்சம்பழமுங்க. அம்மன் கோயில்து. மடியிலயும் ஒண்ணு இருக்குதுங்க."

"சரிங்க மாமா. மெதுவா அவுத்து, தொலவா உருட்டி உடுங்க. ஊட்டுப் பக்கம் வேண்டாம். வாசப் பக்கம்."

முடிச்சு அவிழவில்லை. அதற்குள் தும்பிக்கை திரும்ப வந்துவிட்டது. என் முழங்காலைத் தொட்டது, தொடைக்கு வந்தது. அதன் மூச்சு சூடாக வேட்டிக்குமேல் அடித்தது. கீழே வைக்கக்கூடாது என்று சரசு சொன்னது நினைவுக்கு வந்தது. கோகிலா நினைவுக்கு வந்தாள். வேட்டியையே உருவிவிட்டேன். பழம் உருண்டு வாசல் பக்கம் போனது. தும்பிக்கை அதைத் துரத்திக்கொண்டு போயிற்று.

அடுத்து நடந்ததை, விழித்து ஜன்னல் வழியாகப் பார்த்த பழனிச்சாமி பிறகு சொல்லித்தான் அறிந்தேன். யானை இன்னும் பழம் இருக்கும் என்று கூடாரத்தின் முன்கம்பைப் பிடித்து இழுக்க ஆரம்பித்ததாம். சரவணன் அதற்குப் பத்து எட்டுக்கூட இல்லாத இடத்தில், கையில் ஒன்றும் இல்லாமல், சுவரோடு சுவராக நின்றுகொண்டே, குட்டைக்கரையில் இருந்த சிபோவுக்குக் கையை மட்டும் காட்டினாராம்.

எனக்குக் கேட்டது இதுதான். டுக்... டுக்... டுக்டுக்டுக்டுக். டீசல் எஞ்சின். எங்கள் ஊர்க் கிணற்றுமேட்டில் எந்த வேளையும் கேட்கிற அதே சத்தம். குழாயிலிருந்து புதுத்தண்ணீர் விழுகிற ஓசை. கூடாரத்துக்கு வெளிச்சம் திரும்பிவந்தது. கிணற்றுத் தண்ணீர் குழாயில் வந்தால் யானை குட்டையில் கிடக்கிற தண்ணீரைத் திரும்பிப் பார்க்காதாம். குழாய் வாயில் போய் நின்றுகொள்ளுமாம்.

வெளியே வந்தேன். வேட்டி இல்லாமல் வந்தேன் என்பதைப் பழனிச்சாமி இன்றுவரை கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறான். சரவணன் தரையில் உட்கார்ந்திருந்தார். சிபோ தண்ணீர் டம்ளரைக் கொடுத்தான். அவரால் அதைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீரெல்லாம் சட்டையில் கொட்டியது. பிறகு அந்தப்பக்கம் திரும்பி வாந்தி எடுத்தார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னங்க தம்பி, இத்தனை வருஷம் இதுகளோட இருக்கறீங்க. பழகிப்போயிருக்கும்னு நெனச்சேன்."

"எங்கீங்க மாமா. தெனமும் பயந்தானுங்க." வாயைத் துடைத்துக்கொண்டார். "கதவத் தொறக்கறப்பப் பயம். பொழுதோட எஞ்சினை நிறுத்தப் போறப்பப் பயம். எனக்கு முன்னால இருந்தவருக்குப் பயமே இல்லீங்களாம். அதனாலதான் இந்த வேலை காலியாச்சு."

சாம்பல் பை அவர் இடுப்பில் தொங்கியது. கேஸ் சிலிண்டரை இரண்டாம் தடவை திருகிப் பார்க்க எழுகிற மனுஷன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன்.

கொஞ்சம் தள்ளி, குழாய் வாயில் யானை நின்று தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த முப்பது அடியையும் பார்த்தேன். அது குறையவில்லை.

"குளியலறைய ஊட்டோட சேத்திக் கட்டமுடியுங்களா தம்பி?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கட்டலாமுங்க மாமா. வாரத்துக்குள்ள ஆரம்பிச்சர்றனுங்க."

"ஆரம்பிக்காதீங்க. முடிச்சுப்போட்டுச் சொல்லுங்க. தேதி அப்பறம் குறிக்கலாம்."

பழனிச்சாமிக்குப் புரிந்துவிட்டது. அடுப்படிக்குள் ஓடினான். எங்களில் சம்மதம் முடிந்தால் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வோம். அவன் ஒரு அலுமினியத் தட்டில் ஒரு பக்கம் உப்பும் ஒரு பக்கம் சர்க்கரையும் கொட்டி, மஞ்சளையும் பாக்கையும் வைத்துக் கொண்டுவந்தான். வெற்றிலை காய்ந்து சருகாகியிருந்தது.

"பழந்தான் இல்ல" என்றேன்.

"அதென்ன மச்சான் அப்பிடிச் சொல்லிப்போட்டீங்க? பிள்ளையாரே நேர்ல வந்து, ஊட்டுக்காரங்களுக்கு முன்னால வாங்கித் தின்னுட்டுப் போயிருக்கறாரு. இதுக்கு மேல ஒரு சகுனம் வேணுமா?"

என்ன நடக்கிறது என்று தெரியாமல் சிபோவும் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

வீடு திரும்பியதும் கோகிலாதான் முதலில் கேட்டாள், "பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன் கண்ணு."

"பயந்தீங்களா?"

"நெம்ப. அவரும் பயந்தாரு" என்றேன். அவள் முகம் விழுந்தது. "அதனாலதாங் கண்ணு சரின்னு சொல்லிப்போட்டு வந்தேன்" என்றதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். குளியலறை கட்டி முடித்த போட்டோ வந்த பிறகுதான் தேதி குறித்தோம்.

கல்யாணம் முடிந்து அவள் கிளம்புகிற அன்றைக்கு, சரசு கோயிலுக்குப் போய்வந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றைப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு நடுவே செருகினாள். பூட்டிய பெட்டியைத் திறந்து நான் அதை வெளியே எடுத்தேன்.

"ஏனுங்க! சாமி பழத்தப் போயி எடுக்கறீங்க! உங்களுக்குப் பயமா இல்லீங்களா?" என்றாள் சரசு.

"பயந்தான். அதுக்குத்தான் எடுக்கறேன்."

கோகிலா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். "இங்க குடுங்கப்பா. ஜூஸ் போட்டு இங்கயே குடிச்சுட்டுப் போயர்றேன்."

அவள் சமையலறைக்குப் போனதும், யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, பெட்டிக்குள் தலையை விட்டு ஒவ்வொரு மூலையாக மோந்து பார்த்தேன்.